ஒரே ஒரு வருஷம் கேட்ட பாட்டி

டீ சொல்லிவிட்டேன், உட்காருங்கள். காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்த தலைசுற்றல் அடங்கட்டும். சோளக்காட்டுச் சந்தையில் வாங்க வேண்டியதைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். கிறிஸ்தவர்கள் அன்றாடம் உண்மை பேசுவது என்றால் என்ன, பொய் சொல்லாமல் இருந்தால் போதுமா என்று கேட்டீர்கள். இதற்கு ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளையை மனப்பாடம் செய்த நாளோடு நம்மில் பலர் விட்டுவிட்ட கேள்வி இது.

அந்தக் கட்டளையிலிருந்தே தொடங்கலாம். கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் அதை எட்டாவது என்று எண்ணுவார்கள், மற்றவர்கள் ஒன்பதாவது என்பார்கள். எண் எதுவானாலும் அது பேசுவது அயலானைப் பற்றி. பக்கத்து வீட்டுக்காரனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்கிறது. ஊர் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்து வழக்குத் தீர்த்த காலம். ஒருவன் சொல்லும் சொல்லில் இன்னொருவனின் நிலமோ உயிரோ போய்விடும். பொய்யால் அடிபடுகிற ஆள் ஒருவன் இருக்கிறான், அவனைப் பார் என்பதே கட்டளையின் முதல் அக்கறை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகப் புரியும்.

சந்தைக்கு வரும் மிளகு மூட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கொடியில் பறித்த பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடைதான் தேறும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்குள் இறங்கினால்தான் பூசணம் பிடிக்காமல் நிற்கும். இன்னும் இரண்டு வெயில் காட்ட வேண்டிய மிளகை அவசரமாக மூட்டை கட்டிக் கொண்டுவந்தால், மிளகு விலைக்குத் தண்ணீரை விற்கிறோம். விற்றவர் வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். 'நல்லா காஞ்சதா?' என்று வாங்குபவர் கேட்காமல் விட்டிருக்கலாம். மிளகில் பப்பாளி விதை கலப்பது இன்னும் பழைய தந்திரம். தண்ணீரில் போட்டால் நல்ல மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். அதைக் கலப்பவரும் வாய் பேசுவதில்லை, கைதான் பேசுகிறது.

வாங்குகிறவர் பக்கமும் இதேதான். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறை முத்திரை வைக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. முத்திரை இருந்தாலும், எண் தெரியும் பக்கத்தை விற்க வந்தவருக்குக் காட்டாமல் திருப்பி வைத்துக்கொண்டு, சாக்குக்கு இவ்வளவு, தூசிக்கு இவ்வளவு என்று வாய்க்கணக்கில் கழித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? தோட்டத்திலிருந்து தலைச்சுமையாக இறக்கிக்கொண்டு வந்தவர் அதைத் திரும்ப வீட்டுக்குச் சுமந்து போக முடியாது. அவருக்கு வேறு வழியில்லை என்பது எதிரே நிற்பவருக்கும் தெரியும். பொய்யின் கனம் எப்போதும் பலம் குறைந்தவர் தலையில்தான் இறங்குகிறது.

பைபிள் இதை வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறது. உபாகமத்தில், பையில் பெரிய கல் ஒன்றும் சிறிய கல் ஒன்றும் வைத்திருக்காதே என்று ஒரு சட்டம் வரும். அந்தக் காலத்தில் எடைக்கல் என்றால் கல்லேதான். வாங்கும்போது ஒன்று, விற்கும்போது ஒன்று. லேவியராகமமும் நீதிமொழிகளும் கள்ளத் தராசைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகின்றன. ஜெபத்தைப் பற்றிப் பேசும் அதே கண்டிப்போடு தராசைப் பற்றியும் பேசுகின்றன. கோயிலுக்கும் சந்தைக்கும் நடுவில் சுவர் எழுப்பிக்கொண்டது நாம்.

ஆக முதல் செய்தி: உண்மை என்பது வாக்கியத்தின் குணம் மட்டுமல்ல. கேட்கிறவர் மனதில் நாம் எதை விதைத்துவிட்டுப் போகிறோம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆதியாகமத்தில் ஆபிரகாம், சாராள் தன் சகோதரி என்று சொன்னார். அது பொய்யல்ல, அவர் தகப்பனுக்கு வேறொரு மனைவியிடம் பிறந்தவர்தான் சாராள். ஆனால் மனைவி என்பதைச் சொல்லாமல் விட்டார். அதை நம்பி ஒரு ராஜா அவளை அழைத்துக்கொண்டு போனான். பொய்யைப் பற்றித் தனியாக இரண்டு நூல் எழுதிய அகுஸ்தீன், கி.பி. 420 வாக்கில் எழுதிய இரண்டாவது நூலில், ஆபிரகாம் பொய் சொல்லவில்லை, உண்மையில் ஒரு பகுதியை மறைத்தார், அவ்வளவுதான் என்று அவருக்காக வாதாடுகிறார். அந்த இடத்தில் அகுஸ்தீனோடு நான் உடன்படவில்லை. ஏன் என்று சொல்ல, இந்த மலையிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டியின் கதைக்கு வர வேண்டும்.

ஈவ்லின் பிராண்ட். 1879இல் இங்கிலாந்தில் வசதியான வீட்டில் பிறந்தவர். ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் வழியாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார். 1913இல் ஜெஸி பிராண்டை மணந்து கொல்லிமலைக்கு ஏறினார். அன்று சாலை ஏது, வளைவு ஏது? மனிதர் தோளில் தூக்கிய டோலியும் நடையும்தான். வாழவந்தியில் மரவீடு கட்டிக்கொண்டு, மருந்தும் பள்ளியும் விவசாயமுமாக அவர்கள் வேலை நடந்தது. ஜெஸி முழுப் படிப்புப் படித்த டாக்டர் இல்லை, மிஷனுக்கு வரும் முன் கொஞ்சம் வைத்தியப் பயிற்சி பெற்றவர். நரம்புச் சிலந்திப் புழுவைக் கால்களிலிருந்து குச்சியில் சுற்றிச் சுற்றி வெளியே எடுத்தார். குடிநீர்க் கிணற்றில் காலை வைக்காதீர்கள், புழு அங்கிருந்துதான் வருகிறது என்று ஊர் ஊராகச் சொன்னார். 1929 ஜூனில், மலேரியா முற்றி வந்த காய்ச்சலில் 44 வயதில் இறந்துபோனார். மகன் பால் பிராண்ட் அப்போது இங்கிலாந்தில் பள்ளிப் பையன்.

ஈவ்லின் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தார். மிஷன் அவரைச் சமவெளியில் வேலைக்கு வைத்தது. கொல்லி, பச்சைமலை, கல்வராயன் உட்பட ஐந்து மலைகளுக்கும் போக வேண்டும் என்பது கணவனும் மனைவியும் சேர்ந்து கண்ட கனவு. அது நெஞ்சில் கிடந்தது. 1947இல், 70ஐ நெருங்கும் வயதில், இனி ஓய்வு பெற்றுக்கொள்ளுங்கள், மறுபடி ஐந்து வருடத்துக்கு அனுப்ப முடியாது என்று மிஷன் சொல்லிவிட்டது. இனி நடந்ததை அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறபடி சொல்கிறேன். ஒரே ஒரு வருஷம் மலையில் இருக்க விடுங்கள், அதன் பிறகு உங்களுக்குத் தொந்தரவு தர மாட்டேன், ஓய்வு பெற்றுவிடுகிறேன் என்று கெஞ்சிக் கேட்டார். சம்மதித்தார்கள். கொண்டுபோன பெட்டிகளில் வீடு கட்டுவதற்கான சாமான்கள் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. வருஷம் முடிந்தது. சக ஊழியர்கள் பிரியாவிடை சொல்ல வந்தார்கள். சொன்னபடி மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன் என்றார். ஆனால் மலையை விட்டு இறங்கவில்லை. மட்டக் குதிரை மேல் ஏறி மலை மலையாகப் போனார். 1974 டிசம்பரில் 95 வயதில் இறக்கும் வரை இந்த மலைகளே அவர் வீடு. வாழவந்தியில் ஜெஸிக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

இந்தக் கதையைச் சபைகளில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். கிழவி மிஷனையே ஏமாற்றிவிட்டாள் பாருங்கள் என்று கைதட்டுவார்கள். அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. இந்த மலைக்கு வெளியிலிருந்து வந்தவர்களில் இவ்வளவு ஆண்டு இவ்வளவு நேசித்தவர்கள் மிகச் சிலரே. அதனால்தான் நியாயமாகப் பார்க்கச் சொல்கிறேன். ஓய்வு பெறுகிறேன் என்றார், பெற்றார். சொன்ன வாக்கில் ஒரு எழுத்தும் தவறவில்லை. ஆனால் 'ஓய்வு' என்றதும் கேட்டவர்கள் மனதில், மூட்டை கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறும் ஒரு கிழவிதான் தோன்றினார். அப்படித் தோன்றட்டும் என்று அவர் விட்டார். பெட்டியில் இருந்ததைச் சொல்லவில்லை.

அவர் பக்கம் சொல்ல நிறைய இருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் மறுத்திருப்பார்கள். யாருடைய காசையும் அவர் தின்னவில்லை, யாருக்கும் நஷ்டம் வைக்கவில்லை. மலையில் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு லாபம்தான். வருஷம் முடிந்ததும் முகத்துக்கு நேரே எல்லாவற்றையும் சொல்லியும்விட்டார். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் தீர்ப்பு இதுதான்: வாக்கைக் காத்தார், தன்னை நம்பியவர்களின் நம்பிக்கையைக் காக்கவில்லை. "ஒரு வருஷம் தாருங்கள். அதன் பிறகு நீங்கள் விடுவித்தாலும் நான் இறங்கப்போவதில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம். அனுமதி கிடைக்காமல் போயிருக்கும், அவர் அப்போதும் வந்திருப்பார். ஐந்து மலை ஏறத் துணிந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம் பெரிய ஏற்றம் அல்ல. நல்ல காரியத்துக்காகத்தானே என்று நாம் மன்னித்துவிடும் இந்த இடத்தில்தான் நல்லவர்கள் சறுக்குகிறார்கள். பொய் சொல்லி அங்கேயே விழுந்து செத்த அனனியா, சப்பீராள் கதையைப் பயமுறுத்தச் சொல்லிக்கொண்டே இருப்பதைவிட, நாம் நேசிக்கும் ஒருவரின் இந்தச் சறுக்கலை யோசிப்பது நமக்கு அதிகம் பயன்படும் என்று நினைக்கிறேன்.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

அடுத்தது சத்தியம் செய்வது. சந்தையில் பேரம் நடக்கும்போது கேட்டிருப்பீர்கள்: 'அசலே அவ்வளவுங்க', 'என் பிள்ளை மேல சத்தியமா எனக்கு அஞ்சு ரூபாகூட நிக்காது'. கிறிஸ்தவ வீடுகளில் இது 'பைபிள் மேல சத்தியம்' என்று வரும். மலைப்பிரசங்கத்தில் இயேசு, சத்தியமே பண்ண வேண்டாம், ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை என்று இருங்கள் என்றார். யாக்கோபு தன் நிருபத்தில் அதையே திரும்பச் சொல்கிறார். ஒரு பேச்சுக்குச் சத்தியம் வேண்டியிருக்கிறது என்றால் சத்தியமில்லாத மற்றப் பேச்சுக்கு மதிப்புக் குறைவு என்று நாமே ஒப்புக்கொண்டதாகிறது. இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் எழுந்த குவேக்கர்கள் இதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நீதிமன்றத்தில் பிரமாணம் செய்ய மறுத்துச் சிறைக்குப் போனார்கள். பிறகு அவர்களுக்காகவே, பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி சொன்னால் போதும் என்று அங்கே சட்டம் வந்தது. நம் நாட்டிலும் 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம் உறுதிமொழியை ஏற்கிறது. அந்தக் குவேக்கர்கள் கடை வைத்தபோது ஒரே விலைதான் சொன்னார்கள். நூறுக்குக் கொடுக்க மனம் இருக்கும்போது நூற்றைம்பது என்று கேட்பது பொய் என்றார்கள். குழந்தையைக் கடைக்கு அனுப்பினாலும் அதே விலை. அதனாலேயே அவர்கள் வியாபாரம் பெருகியது.

பேரம் பேசுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. விலை இன்னும் முடிவாகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த பேச்சு அது. 'நூற்றைம்பது கொடுங்க' என்பது கேள்வி. 'நான் வாங்கினதே நூற்று நாற்பது' என்பது சாட்சி. கேள்வியை எவ்வளவு வேண்டுமானாலும் உயர்த்தலாம். சாட்சியை ஒரு ரூபாய்கூட உயர்த்தக்கூடாது.

சாட்சி என்றதும் சபைக்குள் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கூட்டத்தில் எழுந்து சாட்சி சொல்கிறவர், காய்ச்சல் என்று சொன்னால் எடுபடாது என்று மூளைக்காய்ச்சல் ஆக்குகிறார். டாக்டர் கைவிட்டார் என்கிறார், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரையை மூன்று நாள் சாப்பிட்டதைச் சொல்வதில்லை. கடவுளுக்கு மகிமை சேர்ப்பதாக நினைத்துக் கடவுள் பெயரால் பொய் சொல்கிறோம். யோபு தன் நண்பர்களிடம், கடவுளுக்காக வாதாடப் பொய் பேசுவீர்களோ என்று கேட்ட கேள்வி இதற்குத்தான் பொருந்தும். 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்று வாசலில் சொல்லிவிட்டு, வண்டி ஏறுவதற்குள் மறந்துபோவது இன்னொன்று. மறதி மனித இயல்பு. ஜெபிக்கும் எண்ணமே இல்லாமல், விடைபெறும் சொல்லாக அதைச் சொல்வது வேறு. 'ஜெபத்துக்காகச் சொல்றேன், வெளியே சொல்லாதீங்க' என்று அடுத்த வீட்டுப் பெண்ணின் கஷ்டத்தைக் கடத்துவதும் உண்டு. அதில் சொல்லப்படும் செய்தி உண்மையாகவே இருக்கும், நோக்கம்தான் பொய். எல்லாவற்றிலும் எனக்கு அதிக வேதனை தருவது, 'கர்த்தர் எனக்குச் சொன்னார்' என்று தொடங்கித் தன் விருப்பத்தை அடுத்தவர் மேல் வைப்பது. வரன் பார்ப்பதிலிருந்து இடம் வாங்குவது வரை இது நடக்கிறது. அந்த வாக்கியத்தை எதிர்த்துக் கேட்க ஏழை விசுவாசிக்கு வழியே இல்லை.

இதில் ஜெஸியையும் ஈவ்லினையும் மெச்ச வேண்டும். முதல் சில ஆண்டுகள் மலையில் ஒருவரும் ஞானஸ்நானம் பெறவில்லை. மருந்துக்கு வந்தார்கள், பேச்சைக் கேட்டார்கள், போனார்கள். முதல் உலகப் போர் முடிந்து விஷக்காய்ச்சல் நாடெங்கும் அடித்த காலத்தில், அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்த பூசாரி ஒருவரும் மனைவியும் படுக்கையில் விழுந்தார்கள். ஒருவரும் அருகே போகவில்லை, பிராண்ட் தம்பதி போனார்கள். சாகும் முன் அவர் தன் கைக்குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். ரூத் என்ற பெயரோடு அந்தப் பெண் குழந்தை அவர்கள் வீட்டில் வளர்ந்தது. யாரையும் வார்த்தையால் மயக்காமல், எண்ணிக்கையை ஊதிக் காட்டாமல் காத்திருந்தவர்களிடம் அந்த மனிதர் என்ன கண்டார் என்று யோசித்துப் பார்க்கலாம். பல வருடம் பார்த்த நடத்தையை வைத்துத்தான் அவர் தன் பிள்ளையைக் கொடுத்தார்.

இந்த மலையில் வளர்ந்த பால் பிராண்ட் பிறகு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு 1946இல் அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று அவர் தேடியது உலகம் அறிந்த கதை. நோய் சதையைத் தின்னவில்லை, நரம்பு மரத்து வலி தெரியாமல் போவதால் காயம் மேல் காயம் பட்டுத் தேய்கிறது என்று அவரும் கூட இருந்தவர்களும் காட்டினார்கள். இரவில் எலி கடித்தாலும் தெரியாமல் தூங்கியவர்களுக்கு, வீட்டுக்குப் போகும்போது கூடவே பூனையைக் கொடுத்தனுப்பினார்கள். 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, வலிக்குப் பதிலாக ஒரு செயற்கைக் கருவி செய்ய முயன்றார். கையுறையில் அழுத்தம் அதிகமானால் ஒலி எழுப்பும், பிறகு மின் அதிர்ச்சி கொடுக்கும். எல்லாம் வேலை செய்தது, ஒன்றைத் தவிர. திருகவே கூடாத ஒரு திருகைத் திருக வேண்டும் என்று தோன்றினால், நோயாளி கருவியை அணைத்துவிட்டுத் திருகுவார். முடிந்ததும் மறுபடி போட்டுக்கொள்வார். கடைசியில் அந்த முயற்சியையே கைவிட்டார்கள். அணைக்க முடிகிற வலி காப்பாற்றாது என்று பிராண்ட் உணர்ந்தார்.

மனச்சாட்சியையும் நாம் அப்படித்தான் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை எரிகிறது, தராசு அருகே போகும்போது அணைகிறது. பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழோ வருமானச் சான்றிதழோ எழுதும்போது அணைகிறது. போனில் 'ஐயா வீட்ல இல்லைன்னு சொல்லு' என்று குழந்தையிடம் சொல்லும்போது அணைகிறது. கடைசியாகச் சொன்னதை மட்டும் லேசாக எடுக்காதீர்கள். நமக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்ட குழந்தை ஒரு நாள் நம்மிடமே சொல்லும். அன்று அடிப்போம், காரணம் கேட்கமாட்டோம்.

இனிக் கடினமான இடம். எல்லா நேரமும் எல்லாரிடமும் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமா? யாத்திராகமத்தில் சிப்பிராள், பூவாள் என்று இரண்டு மருத்துவச்சிகள். ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனிடம், நாங்கள் போகும் முன்பே அந்தப் பெண்கள் பெற்றுவிடுகிறார்கள் என்று சொல்லித் தப்பித்தார்கள். கடவுள் அவர்களுக்கு நன்மை செய்தார் என்று அந்தப் பகுதி சொல்கிறது. திருவள்ளுவர் வாய்மைக்கு எழுதிய அதிகாரத்தில், யாருக்கும் தீங்கு தராத சொல்லே வாய்மை என்று தொடங்கி, குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் அதன் இடத்தில் நிற்கும் என்கிறார். அகுஸ்தீன் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், உயிர் போனாலும் பொய் கூடாது என்பார். நாஜிகளின் சிறையில் இருந்தபோது போன்ஹோஃபர் என்ற ஜெர்மானியப் போதகர், உன் அப்பா குடித்துவிட்டு வருவாரா என்று வகுப்பில் எல்லார் முன்னும் ஆசிரியர் கேட்க, இல்லை என்று சொன்ன பையனைப் பற்றி எழுதினார். அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையே ஆசிரியருக்கு இல்லை, குற்றம் அவருடையது என்றார். கொலைகாரன் கேட்கும்போது வீட்டில் ஒளிந்திருப்பவரைக் காட்டிக்கொடுக்க எந்தக் கட்டளையும் நம்மைக் கேட்கவில்லை என்றே நான் நம்புகிறேன். கட்டளையின் அக்கறை அயலான் மேல் என்று முதலில் சொன்னேனே, இங்கேயும் அதுதான் அளவு. ஆனால் நம் வாழ்க்கையில் பார்வோன் எத்தனை முறை வருகிறான்? மருத்துவச்சிகளின் விதிவிலக்கை எடுத்து மிளகு மூட்டைக்குப் பயன்படுத்துகிறோம்.

நம் வீடுகளில் உண்மையாகவே வருகிற கடினமான கேள்வி ஆஸ்பத்திரியில் வருகிறது. அப்பாவுக்குப் புற்றுநோய். மகன் டாக்டரைத் தனியாகப் பார்த்து, 'அவர்கிட்ட சொல்லிடாதீங்க சார், தாங்கமாட்டார்' என்கிறார். அன்பில் சொல்வதுதான், அதைச் சந்தேகிக்கவே கூடாது. ஆனால் அதன் பிறகு வீடு முழுக்க நாடகம். அவருக்கும் உடம்பு சொல்லிவிடுகிறது, பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அவரும் நடிக்கிறார். இரண்டு பக்கமும் தெரிந்துகொண்டே, யாரும் யாரோடும் பேசாமல் ஒருவர் போய்ச் சேர்கிறார். எழுத வேண்டிய உயிலும், பேச வேண்டிய தம்பியும், கேட்க வேண்டிய மன்னிப்பும் அப்படியே நின்றுவிடுகின்றன. நோயாளிகளின் கடைசிக் காலத்தைக் கவனிக்கும் மருத்துவர்கள் வேறு வழி சொல்கிறார்கள். உங்களுக்கு என்ன என்று நினைக்கிறீர்கள், எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று முதலில் நோயாளியிடமே கேட்கிறார்கள். கேட்கிற அளவுக்குச் சொல்கிறார்கள். போதும் என்றால் நிறுத்துகிறார்கள். சொல்லிவிட்டுப் போய்விடாமல் கூட உட்காருகிறார்கள். அவர் கேட்காததைத் திணிப்பதும் இல்லை, கேட்டதற்குப் பொய் சொல்வதும் இல்லை. அன்போடு உண்மையைப் பேசச் சொல்லி எபேசு சபைக்குப் பவுல் எழுதியதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. அன்பு என்பது உண்மையில் தண்ணீர் கலப்பது என்று நாம் எடுத்துக்கொண்டோம். சொன்ன பிறகு எழுந்து போகாமல் இருப்பதுதான் அது.

இதே அளவுகோலால், 'நான் எதையும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவேன்' என்று பெருமை பேசுபவர்களையும் பார்க்கலாம். குண்டாகிவிட்டாய், கறுத்துவிட்டாய், இன்னும் குழந்தை இல்லையா என்று ஆராதனை முடிந்து வாசலில் நின்று சொல்வது உண்மை பேசுவதில் சேராது. யாரும் கேட்காததை, யாருக்கும் உதவாததைச் சொல்லிக் காயப்படுத்துவது அது. பேசாமல் இருக்க எல்லாருக்கும் உரிமை உண்டு. 'அதை நான் சொல்ல முடியாது' என்பது முழு உண்மையான பதில். நம் ஊரில் அந்த வாக்கியத்தைச் சொல்லக் கூச்சப்பட்டே பல பொய்கள் பிறக்கின்றன. கல்யாணத்துக்கு வர முடியாது என்றால் வர முடியாது என்று சொல்லிவிடலாம், செத்துப்போன பெரியப்பாவை மறுபடி சாகடிக்க வேண்டாம்.

ஏற்கெனவே சொல்லிவிட்ட பொய்க்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். லூக்கா எழுதியதில் சகேயு வருகிறார். வரி வசூலித்து ஊரை ஏமாற்றியவர். இயேசு அவர் வீட்டுக்கு வந்தபோது அவர் கண்ணீர் விட்டதாக அங்கே எழுதப்படவில்லை. யாரிடமாவது அநியாயமாக எடுத்திருந்தால் நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னதாகத்தான் எழுதியிருக்கிறது. நாம் இதைச் சுலபமாக்கிக்கொண்டோம். பொய் சொன்னது ஒருவரிடம், மன்னிப்புக் கேட்பது ஜெபத்தில் கடவுளிடம். ஏமாந்தவர் இன்னமும் அதே பொய்யை நம்பிக்கொண்டு, அதே நஷ்டத்தோடு, மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பலிபீடத்தில் காணிக்கை வைக்கப் போகும்போது சகோதரனுக்கு உன் மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொன்ன வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பு, நீங்கள் சொன்ன ஏதாவது ஒரு பொய்யை, அல்லது சொல்லாமல் விட்ட ஏதாவது ஒரு உண்மையை, அதனால் ஏமாந்தவரிடமே போய்ச் சரிசெய்யுங்கள். பணம் சம்பந்தப்பட்டதாக இருந்தால் பணத்தோடு போங்கள்.